கோலைத் தூக்கியபடி நின்ற எட்டுப் பேர்

என் வலது கை தலைக்கு மேலே நிற்கிறது. கையில் கோல். இடது கையில் பச்சைக் கயிறு. வலது காலின் விரல்கள் மட்டும் தரையில் ஊன்றியிருக்கின்றன. குதிகாலை இறக்க மனம் வரவில்லை.

எனக்கு நேர் எதிரே சின்னப்பொண்ணு, சிவப்புக் கயிற்றோடு, அவளும் அப்படியே. நெற்றி வியர்வை அவள் மூக்கு நுனி வரை வந்து தொங்குகிறது. துடைக்கவில்லை. சுற்றிலும் இன்னும் ஆறு பேர், அதே கோலத்தில். ஓரத்தில் பாட்டுக்காரி ரோசம்மா. 'மாரி வரு' என்பதோடு பாட்டை நிறுத்திவிட்டு, ஜால்ராவைப் பிரித்துப் பிடித்தபடி நிற்கிறாள்.

கிள்ளானில் ஓர் அம்மன் கோயில் திடல். பிற்பகல் வெயில். எங்கு பார்த்தாலும் சனம். கோயில் மதிலுக்குப் பின்னால் ரயில் ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருக்கிறது. கோயில்காரர்கள் எங்களுக்கு ஏற்பாடு செய்திருந்த மிருதங்கக்காரர் மட்டும் தன்னந்தனியாகத் தட்டிக்கொண்டே போனார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையும் நின்றுவிட்டது.

முன்வரிசையில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி ரயில் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அய்யய்யோ பாவம்! மறந்துட்டாளுங்கடி!"

அந்தப் பெண்மணி இன்றும் கிள்ளானில் எங்காவது இருந்து, இந்தப் பத்திரிகையைப் படித்தால், அவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் எதையும் மறக்கவில்லை, அம்மா.

சுங்கை பூலோவிலிருந்து ஒரு வாசகி இரண்டு கடிதம் போட்டுவிட்டார். "சமையல், சண்டை, சம்பந்தி எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். கோலாட்டத்தை மட்டும் ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். ஒளிக்கவில்லை. அதை எழுதினால் என் வாய்க்கொழுப்பையும் சேர்த்து எழுத வேண்டிவரும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வாயை மூடும் ஊர்

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருடங்கள் முந்திய கதை இது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீடுகளில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அதற்குத் தக்கபடி தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. வீட்டில் என்னை மட்டும் எந்தப் பாதைக்கும் மாற்ற அவரால் முடிந்ததில்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இருபது தப்படிகூட இருக்காது. பயணிகள் வண்டி, கூட்ஸ் வண்டி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும் எஞ்சின் என்று நாள் முழுக்கச் சத்தம்தான். வண்டி வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கத்திப் பார்ப்பார்கள். பத்து நாளில் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு எங்களைப்போல் ஆகிவிடுவார்கள். வண்டி வந்தால் பேச்சு நிற்கும். பாதி வார்த்தையில் என்றாலும் நிற்கும். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். இதற்காக யாரும் யாருக்கும் சைகை காட்டுவதில்லை. இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

செராஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் நாத்தனார் ஒருமுறை வந்திருந்தாள். அன்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நல்ல சண்டை. காரணம் இப்போது நினைவில்லை. நியாயம் என் பக்கம்தான் என்பது மட்டும் நினைவிருக்கிறது. "உங்க குடும்பத்துல எவன்தான்" என்று நான் விரலை நீட்டியபோது வண்டி வந்துவிட்டது. நான் விரலை நீட்டியபடி நின்றேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபடி நின்றார். வண்டி போய் முடிந்தது. "நேரத்துக்குச் சாப்பிட வந்திருக்கான்?" என்று முடித்தேன். அவரும் தன் பங்குக்கு ஆரம்பித்தார்.

நாத்தனார் சண்டையை விலக்கவே மறந்துவிட்டாள். "என்னடி இது, சாமி சிலை மாதிரி நிக்கிறீங்க ரெண்டு பேரும்!" என்று சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. எங்களுக்கோ சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

பினாங்கு மெயிலும் கிள்ளான் வண்டியும்

லைன் வீடுகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் ஒரு வெறுந்திடல் இருந்தது. அதன் நடுவில் பழைய சிக்னல் மரக்கம்பம் ஒன்று. எதற்கும் ஆகாதென்று கையை மட்டும் கழற்றிக்கொண்டு கம்பத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதன் உச்சியில் இரும்பு வளையம் ஒன்றைப் பூட்டி, எட்டுக் கயிறுகளைக் கட்டித் தொங்கவிட்டோம். அதுதான் எங்கள் ஆட்டக்களம்.

பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கோல். பாதிப் பேர் வலமாகச் சுற்ற வேண்டும், பாதிப் பேர் இடமாக. அதனால் ஆட்கள் இரட்டைப்படையில்தான் இருக்க வேண்டும். எதிரே வருகிறவளோடு கோல் தட்டி, ஒருத்தியை உள்ளே விட்டு, அடுத்தவளை வெளியே விட்டு, பாம்புபோல் வளைந்து போனால் மேலே கயிறு சடையாகப் பின்னிக்கொண்டே இறங்கும். பிறகு எல்லோரும் திரும்பி, வந்த வழியே அதே கணக்கில் ஆடினால் சடை பிரியும். ஒருத்தி ஓரடி தப்பினாலும் பிரியாது. பிரியாத சடையை விட்டுவிட்டுக் களத்தைவிட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எத்தனை நாழி ஆனாலும் நின்று பிரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு உலை வைக்கப் போவோம்.

கயிறுகளை நாங்களே திரித்தோம். பழைய சேலைகள் போதவில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், ஓரம் கிழிந்த துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். "ஆடுறப்ப எங்க வீட்டுப் பொம்பளைங்களும் ஒரு நாள் வந்து பார்ப்பாங்க" என்றார். சொன்னபடி வந்தும் பார்த்தார்கள். நாலு கயிறு பச்சை, நாலு கயிறு சிவப்பு. கோல்களை ரயில் பட்டறைத் தச்சர் சிலீப்பர் கட்டைத் துண்டுகளில் கடைந்து கொடுத்தார். தண்டவாளத்தைத் தாங்கும் மரமல்லவா, தட்டினால் கணீரென்று கேட்கும்.

பச்சை வலமாக, சிவப்பு இடமாக. இதை எல்லோரும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள், சின்னப்பொண்ணைத் தவிர. அவள் எனக்குப் பக்கத்து வீடு. தங்கமான மனசு, ஆனால் வலம் எது இடம் எது என்பது மட்டும் அவளுக்கு ஏறவே ஏறாது. வாரக்கணக்கில் அவளால் சடை சிக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா பாரு சின்னப்பொண்ணு. நீ பினாங்கு மெயிலு. நான் கிள்ளான் வண்டி. நீ உன் லைன்ல போ, நான் என் லைன்ல போறேன். ரெண்டு பேரும் மோதிக்கிட்டா என் புருஷனுக்கு வேலை போயிரும்!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் ஓரடி தப்பவில்லை.

ரோசம்மாவைச் சொல்ல வேண்டும். எஞ்சினில் கரி தள்ளும் பயர்மேன் ஒருவரின் மனைவி. மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கொல்லையில் துணி துவைக்கும்போது அவள் குரலைக் கேட்டுவிட்டு நான்தான் போய்க் கூப்பிட்டேன். அம்மன் பாட்டாயிற்றே என்று எனக்கே சற்றுத் தயக்கம். "உங்க சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்றேன்.

"கேட்டுட்டேன் அக்கா. கோலைத் தூக்கினா பாவமா சாமின்னு கேட்டேன். யாரையும் அடிக்காத வரைக்கும் பாவமில்லைன்னார்."

அன்று முதல் அவள்தான் எங்கள் குரல். பாட்டு கேட்டால்தான் கால் கணக்கு வரும். ஆகவே வண்டி வந்தால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் எட்டுப் பேரும் நிற்போம். வண்டி போனால் எந்த எழுத்தில் விட்டாளோ அந்த எழுத்திலிருந்து எடுப்பாள், நாங்களும் கால் வைப்போம். தினமும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் இப்படி நாலைந்து தடவையாவது நடக்கும்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரை விட்டு வந்து கப்பலிலிருந்து இறங்கிய முதல் இரண்டு வருடம் எனக்குப் பேச ஆளில்லை. வீட்டுக்காரருக்கு இன்றைக்குப் பகல் வேலை, நாளைக்கு இரவு வேலை. நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே பேசினேன், சுவர் பதில் சொல்லாத குறைதான். அந்தத் திடலில் கோல் பிடித்த பிறகுதான் எனக்கு மனிதர்கள் கிடைத்தார்கள். அந்தக் கம்பம் இல்லையென்றால் நான் பைத்தியக்காரியாகியிருப்பேன். மிகைப்படுத்தவில்லை.

என் வாய்க்கு ஒரு சிக்னல்

அந்தக் கம்பத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

லைன் வீடுகளுக்கெல்லாம் பெரியவர் என்றால் சதாசிவம் கிராணிதான். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டில் பேனா. கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் முடிவு செய்துவிட்டுத்தான் வந்து சொல்வார். அப்போது ஊரெல்லாம் பேட்மிண்டன் பைத்தியம். ஆண்களெல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்து அவரைத் தலைவராக்கியிருந்தார்கள்.

ஒரு மாலை நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே களத்துக்குள் வந்து நின்றார். செருப்புக்காலோடு.

"இந்தாம்மா பாக்கியம், அடுத்த மாசம் இந்தக் கம்பத்தைப் புடுங்கப் போறோம். ஆளுங்க பேட்மிண்டன் ஆட இடம் வேணுங்கிறாங்க."

"நாங்க ஆடிக்கிட்டிருக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியலையா ஐயா?"

"வருஷத்துல ஒரு தடவை கோயில்ல ஆடுறீங்க. அதுக்கு வருஷம் பூராவும் இடமா? நம்ம லைன் வீட்டைத் தாண்டி உங்க ஆட்டத்தை எவன் பார்த்திருக்கான், சொல்லு பார்ப்போம்!"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! கிள்ளான் கோயில் திருவிழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் கோலாட்டக் குழுக்கள் அங்கே வரும். எல்லோரும் ஆடி முடித்தபின் சிறந்த குழுவுக்கு அம்மன் கழுத்து மாலையைக் கழற்றிப் போடுவார்கள்.

"கிள்ளான் கோயில்ல கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வாங்க. வந்து உங்க கண்ணால பாருங்க. அம்மன் மாலை எங்களுக்குத்தான் விழும். விழலைன்னா, நீங்க ஆள் விட்டுப் புடுங்க வேணாம். மறுநாளே நானே கடப்பாரை எடுத்துட்டு வந்து என் கையால புடுங்குறேன்!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொன்ன சொல் மாறக் கூடாது" என்றார். போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தால் ஏழு பேரும் என்னை எரித்துவிடுவதுபோல் பார்க்கிறார்கள்.

"யாரைக் கேட்டு வாய் விட்டீங்க?" என்றாள் சின்னப்பொண்ணு. என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. "கம்பம் உங்க அப்பன் வீட்டுதா? எங்க எல்லாருதும்தானே?"

அவள் சொன்னது சரி. ரோசம்மாதான் என் தோளில் தட்டி, பேச்சுக்கு வால்போல் ஒட்டும் எங்கள் ஊர் 'லா'வோடு சொன்னாள்.

"உங்க வாய்க்கு ஒரு சிக்னல் வைக்கணும் அக்கா. எப்பப் பாரு பச்சையாவே இருக்கு லா."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி நிதானமாக யோசித்தார். "நம்ம வீட்டுல கடப்பாரை இல்லையே புள்ள. யார்கிட்ட இரவல் வாங்கப் போற?" என்றார்.

ஆறுதல் சொல்ல ஆண்டவன் எனக்குக் கொடுத்த ஆள் அது.

பதினாறு மஞ்சள் சேலைகள்

கிள்ளானுக்கு மூன்றாம் வகுப்பில் போனோம். வெற்றிலை, புளிச்சோறு, கயிற்று மூட்டை, கோல் கட்டு. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டும்வரை ஒரே பாட்டும் சிரிப்பும். சின்னப்பொண்ணு மட்டும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "பேசு லா, சின்னப்பொண்ணு" என்று ரோசம்மா கெஞ்சியும் பேசவில்லை. கிராணியார் அதே வண்டியில் இரண்டாம் வகுப்பில் வந்தார். கிள்ளானில் இறங்கியபோது என் கையிலிருந்த கோல் கட்டைப் பார்த்துவிட்டு, "கடப்பாரையா?" என்றார். நான் காதில் விழாததுபோல் நடந்தேன்.

எங்களுக்கு முன்னால் கிள்ளான் தோட்டக் குழு ஆடியது. பதினாறு பேர். எல்லோருக்கும் ஒரே மஞ்சளில் சேலை, ஒரே மாதிரி கொண்டை, கொண்டையில் கனகாம்பரம். பதினாறு கயிறு பின்னி இறங்கியபோது என் வாயே திறந்துவிட்டது. பொறாமைப்படலாம் என்றால் அதற்குக்கூட இடம் தரவில்லை பாவிகள், அவ்வளவு சுத்தம். ரப்பர் மரத்தில் பால் வெட்டி உறுதியேறிய கைகள். ஒரு கோல்கூட முன்னே பின்னே விழவில்லை.

நாங்கள் எட்டுப் பேர். எட்டு விதமான சேலை.

அப்போது சின்னப்பொண்ணு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் இன்னும் கோபம்தான். ஆனால் என் முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கமாகச் செருகிவிட்டாள். "கிள்ளான் வண்டி சொந்த ஊருக்கு வந்திருக்கு. ஒழுங்கா ஓட்டுங்க" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பந்தல் வளையத்தில் கயிற்றைக் கட்டி, கோலைத் தட்டினோம். சிலீப்பர் கட்டையின் சத்தத்துக்கே கூட்டம் நிமிர்ந்தது. சடை பின்னிக்கொண்டு இறங்கியது, பச்சையும் சிவப்புமாக, ஒரு சிக்கல் இல்லாமல். பாதி தாண்டிவிட்டோம். 'மல்லிகைப் பந்தலிலே மாரி வரு' என்று ரோசம்மா இழுத்தாள்.

மதிலுக்குப் பின்னால் வண்டி வந்துவிட்டது.

மாரி வந்தாள்

கிள்ளான்காரர்கள் வண்டி வந்தால் குரலை உயர்த்துகிறவர்கள். நாங்கள் நிறுத்துகிறவர்கள். இந்த வித்தியாசம் அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரிந்தது மனசுக்குத் தெரியவில்லை. கால் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. இது பிரிக்பீல்ட்ஸ் இல்லையே, இங்கே பாட்டு நன்றாகத்தானே கேட்கும், எதற்காக நிற்கிறோம்?

உறைத்து என்ன பயன்? நான் ஒருத்தி காலை எடுத்து வைத்தால் மற்ற ஏழு பேரின் கணக்கும் போய்விடும். சடை பிரியாது. நிற்பதைத் தவிர வழியில்லை. நின்றேன். அந்த இடுப்புப் பிள்ளைக்காரி கத்தியது அப்போதுதான். போச்சு, கம்பம் போச்சு, என் வாயால் கெட்டேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். கை வலித்தது.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன். கோயில் பெரியவர்களின் நடுவே கிராணியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நின்று, விரலை நீட்டியபடி அப்படியே இருந்தார். பக்கத்து ஆள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் கடைசிப் பெட்டி போயிற்று.

'வாளாம்' என்றாள் ரோசம்மா.

எட்டுக் கால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. எட்டுக் கோல்களும் ஒரே சத்தமாகத் தட்டின. ஒரு மயிரிழை பிசகவில்லை. நாங்கள் நிற்கவே இல்லையென்பதுபோல் ஆட்டம் போனது.

பிறகு கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. விசில், கைதட்டல், குலவை. அந்த இடுப்புப் பிள்ளைக்காரி, "ஆத்தாடி, வேணும்னே நின்னுருக்காளுங்க!" என்று குதித்தாள். நாங்கள் திரும்பி ஆடிச் சடையைப் பிரித்தோம். எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கியபோது மிருதங்கக்காரரே எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த நிக்கிறதை மறுபடி காட்டுங்க!" என்று கூட்டம் விடவில்லை.

"அதுக்கு ரயில் வரணும்" என்றேன். திடல் முழுக்கச் சிரித்தது. நான் உண்மையைத்தான் சொன்னேன்.

மாலை யாருக்கு விழுந்தது என்று கேட்பீர்கள். கிள்ளான் தோட்டக் குழுவுக்கு. கோயில் பெரியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். பதினாறு கயிறு பதினாறு கயிறுதான். அந்தப் பெண்கள் மாலையிலிருந்து ஆளுக்கொரு பூவாகப் பிய்த்து எங்கள் தலையிலும் வைத்துவிட்டார்கள். திரும்பும் வண்டியில் பூ மணத்தது.

கடப்பாரை

மறுநாள் நாலு மணிக்குத் தச்சர் வீட்டில் கடப்பாரை இரவல் வாங்கிக்கொண்டு திடலுக்குப் போனேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான். வாய் பெரிதாக இருந்தால் கையும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

அங்கே எனக்கு முன்னால் ஏழு பேரும் வந்து நின்றார்கள். ரோசம்மாவும் வந்திருந்தாள். யாரையும் நான் கூப்பிடவில்லை. "ஒருத்தியா புடுங்கினா முதுகு புடிச்சுக்கும்" என்றாள் சின்னப்பொண்ணு. அவள் கண்கள் சிவந்திருந்தன. கம்பத்தில் கையை வைத்துப் பார்த்தேன். நாங்கள் பிடித்துப் பிடித்து இடுப்பளவு உயரத்தில் மரம் வழவழவென்றிருந்தது.

கடப்பாரையை ஓங்கினேன்.

"பாக்கியம், நில்லு."

சதாசிவம் கிராணி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். எங்களுக்கு நாலடி தள்ளி வந்து நின்றார். கையைக் கம்பத்தின் பக்கம் நீட்டினார்.

"இந்தக் கம்பத்தை" என்றார்.

கூட்ஸ் வண்டி வந்துவிட்டது.

அப்படி நீளமான வண்டியை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஈயம் ஏற்றியதோ ரப்பர் ஏற்றியதோ, பெட்டி பெட்டியாகப் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஓங்கிய கடப்பாரையோடு நான் நின்றேன். அவர் நீட்டிய கையோடு நின்றார். இந்தக் கம்பத்தை என்ன? சொல்லித் தொலையேன் மனுஷா என்று மனசு அடித்துக்கொள்கிறது. அவர் வாயையே பார்க்கிறேன். வாய் பாதி திறந்திருக்கிறது. கடைசியில் கார்டு பெட்டி கடந்தது.

"யாரும் புடுங்க வேணாம்" என்றார்.

திரும்பி அந்த இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு விளக்கம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. பேட்மிண்டன் வலையைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். நான் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, சின்னப்பொண்ணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். பிறகு ஆடினோம். கிள்ளான் கோயிலிலிருந்து அடுத்த வருடமும் அழைத்தார்கள். வண்டி வரும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு, எங்களை அந்த நேரத்துக்கு ஆடச் சொன்னார்கள்.

பல வருடம் கழித்து, என் மகள் கல்யாணப் பந்தியில், கிராணியாருக்கு நானே பாயசம் பரிமாறினேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பாக்கியம், அன்னைக்கு நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா?"

"யாரும் புடுங்க வேணாம்னு."

"அது வண்டி போன பிறகு. வண்டி வர்றதுக்கு முன்னாடி, 'இந்தக் கம்பத்தை எங்க ஆளுங்க புடுங்கிக்குவாங்க, நீங்கள்லாம் வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லத்தான் வந்தேன். உன் கையால புடுங்க வைக்க மனசு வரலை. அவ்வளவுதான்."

என் கையிலிருந்த பாயச வாளி கனத்தது. "அப்புறம் ஏன் ஐயா மாத்துனீங்க?"

"வண்டி ரொம்ப நீளம் லா. நின்னுக்கிட்டே இருந்தேன். நீங்க எட்டுப் பேரும் நிக்கிறீங்க. என் கை பாதியிலே நிக்குது. மண்வெட்டிக்காரனுங்க ரெண்டு பேரும் தோள்ல தூக்கின மண்வெட்டியோட நிக்கிறானுங்க. முந்தின நாள் கிள்ளான்ல பார்த்தேனே, அதே ஆட்டம். நானும் அதுக்குள்ளதான் நிக்கிறேன்னு தெரிஞ்சு போச்சு. உள்ள நிக்கிறவன் எப்படிம்மா கம்பத்தைப் புடுங்குவான்?"

எனக்கு அழுகை வந்தது. அதை அவரிடம் காட்டுவேனா?

"எங்க எட்டுப் பேரோட உங்க மூணு பேரையும் சேர்த்தா பதினொண்ணு வருது ஐயா. கோலாட்டத்துக்கு ஒத்தைப்படை ஆகாது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"ரோசம்மாவை விட்டுட்டியே" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.